முகத்தில் ஊசி, வெளியே வெயில்: அழகு அக்குபங்சர் எதைத் தரும், எதைத் தராது

ஆவணி, தை முகூர்த்தங்கள் நெருங்கும்போது வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்துச் சலூன்களில் ஒரு கேள்வி இப்போது அடிக்கடி காதில் விழுகிறது: முகத்துக்கு ஊசி வைக்கிறார்களாமே, அது நல்லதா? கேட்பவர் பெரும்பாலும் மணப்பெண்ணின் அம்மா, பெரியம்மா, இல்லாவிட்டால் நல்லூர்த் திருவிழாவையும் கல்யாணத்தையும் ஒரே லீவில் பார்த்துவிடலாம் என்று ரொறன்ரோவிலிருந்து வந்திறங்கிய சித்தி. அங்கே செய்துகொண்டாராம், முகம் இறுகிப் பளபளத்ததாம், மருந்து ஒன்றும் ஏற்றுவதில்லையாம், உடம்பே தன்னைச் சரிசெய்துகொள்ளுமாம்.

"அக்கா, போட்டொக்ஸ் எண்டால் எனக்குப் பயம். இது வெறும் ஊசிதானே, செய்து பார்த்தால் என்ன?" என்று என் சொந்தக்காரப் பெண் ஒருத்தியும் கேட்டாள். அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊசி வைத்த அன்றும் மறுநாளும் முகத்தில் தெரியும் மலர்ச்சி உண்மையானது. அது மாதக்கணக்கில் நிற்கும், தொய்ந்த தோலை ஏற்றிக் கட்டும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது: கொழும்பு வெயிலில் வாழும் மாநிறத் தோலுக்கு முதலில் வருகிற கேடு சுருக்கம் அல்ல, கருமை. அந்தக் கருமைக்கு இந்த ஊசியில் மருந்து இல்லை.

ஊசி என்றதும் ஆஸ்பத்திரி ஊசிதான் நினைவுக்கு வரும். அக்குபங்சர் என்ற இந்தச் சீன வைத்தியத்தின் ஊசி வேறு. நடுவில் துளை கிடையாது, உள்ளே எதுவும் ஏற்றுவதும் கிடையாது. நுனி கூர்ந்த மெல்லிய உருக்குக் கம்பி. முகத்துக்கு எடுப்பவை 0.12 முதல் 0.20 மில்லிமீற்றர் வரை தடிப்பானவை. புருவங்களுக்கு நடுவே யின்தாங், மூக்குச் சிறகின் ஓரத்தில் யிங்சியாங், வாயோரத்தில் டிசாங், பல்லைக் கடித்தால் புடைக்கும் தாடைத் தசையில் ஜியாச்சே என்று புள்ளிகளுக்குப் பெயர் உண்டு. முகத்தோடு நிற்காமல், கையில் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே உள்ள ஹெகுவிலும் முழங்காலுக்குக் கீழுள்ள ட்சூசான்லியிலும் ஊசி வைப்பது வழக்கம். வயிற்றுக்கும் பெருங்குடலுக்கும் உரிய நாளங்கள், அதாவது உயிர்ச்சக்தி ஓடும் பாதைகள், முகத்தில் வந்து சேர்கின்றன என்பது சீன மருத்துவத்தின் பார்வை. ஆகவே முறையாகப் பயின்ற ஒருவர் முகத்தைத் தொடுவதற்கு முன்பு சமிபாடு எப்படி, நித்திரை எப்படி, மாதவிடாய் ஒழுங்கா என்று விசாரிப்பார், நாக்கை நீட்டச் சொல்வார், நாடி பிடித்துப் பார்ப்பார். ஊசிகள் இருபது முப்பது நிமிடம் அப்படியே நிற்கும். கிழமைக்கு ஒன்றோ இரண்டோ தடவையாகப் பத்துப் பன்னிரண்டு தடவை ஒரு சுற்று. பிறகு மாதத்துக்கு ஒரு தடவை வரச் சொல்வார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சித்த மருத்துவத்தின் வர்மமும் இதுவும் ஒன்றுதான் என்று சிலர் கதைப்பதைக் கேட்டிருக்கிறேன். வர்மத்தில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 ஆக 108 இடங்கள். அது விரலும் தைலமும் கொண்டு செய்யும் வைத்தியம். சீன வரைபடத்தில் இருப்பவை 361 புள்ளிகள். உடலில் தொட்டால் பலன் தரும் இடங்கள் உண்டு என்ற எண்ணம் இரண்டிலும் இருக்கிறது. அந்த ஒற்றுமையை வைத்து ஒன்றின் பெருமையை மற்றதற்கு ஏற்றிச் சொல்வது இரண்டு மரபுக்கும் செய்யும் அநியாயம்.

கொழும்புக்கு அக்குபங்சர் புதிதல்ல. 1970களில் சீனா சென்று பயின்று வந்த வாத நோய் நிபுணர் அன்ரன் ஜயசூரிய, களுபோவிலவில் உள்ள கொழும்பு தெற்கு வைத்தியசாலையில் இந்த வைத்தியத்தை நடத்தினார். அவரிடம் படிக்க வெளிநாடுகளிலிருந்தும் மாணவர்கள் வந்தார்கள். அங்கே போனவர்கள் முழங்கால் வலிக்கும் நாரிப் பிடிப்புக்கும் பாரிசவாதத்துக்கும் போனவர்கள். அழகுக்காக ஊசி என்பது பிற்பாடு வந்தது. சொங் வம்சத்து அரசிகள் இதனால்தான் அழகாக இருந்தார்கள் என்று விளம்பரங்கள் எழுதுகின்றன. ஆனால் சுற்றுக்குப் பத்துத் தடவை என்று பக்கேஜாக விற்கப்படும் இன்றைய வடிவம் 20ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலிருந்து அமெரிக்கா, யப்பான், கொரியா ஆகிய நாடுகளில் வளர்ந்தது.

அழகு ஊசிக்காரர் பயன்படுத்தும் புள்ளிகள் பல முகவாதத்துக்குச் சீன வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கையாண்டவை. டிசாங்கும் ஜியாச்சேயும் அப்படிப்பட்டவை. முகவாதத்தைப் பற்றி நல்ல ஆய்வும் உண்டு: கனடிய மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் 2013இல் வெளியான சீன ஆய்வு ஒன்றில் 338 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் ஸ்டீரொயிட் மாத்திரையும் ஊசியும் கிடைத்தன. ஒரு குழுவுக்கு மட்டும் ஊசியைத் திருகி, உள்ளே கனத்த கடுப்பு உணர்ச்சி வரும்வரை தூண்டினார்கள். ஆறு மாதத்தில் அந்தக் குழுவின் முக அசைவு மற்றவர்களைவிட நன்றாகத் திரும்பியிருந்தது. இந்த ஆய்வைக் காட்டி அழகு வைத்தியத்தையும் நியாயப்படுத்துவார்கள். வீங்கிய முக நரம்பு ஒன்று மீள்வதும், ஐம்பது வயதுத் தோலில் விழுந்த மடிப்பு நிமிர்வதும் உடம்பில் வேறு வேறு வேலைகள். ஒன்றுக்குக் கிடைத்த சான்று மற்றதற்குச் செல்லாது.

அப்படியானால் சித்தியின் முகம் பளபளத்தது எப்படி? அது பொய்யல்ல. மெல்லிய ஊசி தோலுக்குள் போனதும் அங்குள்ள நரம்பு நுனிகள் விழித்துக்கொள்கின்றன. அவை சப்ஸ்டன்ஸ் பி, கல்சிற்றோனின் சார்ந்த புரதத்துண்டு முதலான சில பொருட்களைச் சுரக்கின்றன. பக்கத்துச் சின்ன இரத்தக் குழாய்கள் விரிகின்றன. இரத்தம் கூடுதலாக ஓடுகிறது. ஊசியைச் சுற்றிச் சின்னச் செம்மை படர்கிறது. குழாய்களிலிருந்து கொஞ்சம் நீரும் கசிந்து தோலிடையே தங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த மெல்லிய வீக்கம், ஊறவைத்த பயறின் சுருக்கம் விரிவதைப்போல, நுண்ணிய கோடுகளை உள்ளிருந்து நிரப்புகிறது. கன்னம் உப்பி நிறம் ஏறித் தெரியும். சில மணி நேரத்தில் தொடங்கி ஓரிரு நாளில் அது வடிந்துபோகும்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. அரை மணி நேரம் போனைத் தொடாமல், பேசாமல், கண் மூடிக் கிடப்பது நம் ஊரில் எத்தனை பெண்களுக்கு வாய்க்கிறது? நெற்றி சுளித்தே பழகியவரும் இரவில் பல்லைக் கடிப்பவரும் எழுந்து வரும்போது முகம் தளர்ந்திருக்கும். தாடைத் தசை ஓய்ந்தால் முகத்தின் கீழ்ப்பாதி மென்மையாகத் தெரிவது இயல்பு. தலையிடியோ தாடை வலியோ இருந்து, ஊசிக்குப் பிறகு இலேசாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் நான் அதை மறுக்க மாட்டேன். அந்தச் சுகத்துக்காக ஒருவர் காசு கொடுப்பதிலும் எனக்குக் குறையில்லை. பத்துத் தடவைக்கும் சேர்த்து முன்பணம் வாங்கிக்கொண்டு, "கொலாஜன் கூடும், பத்து வயது குறையும்" என்று ஒரு தாய்க்குச் சொல்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கொலாஜன் என்பது தோலின் நடு அடுக்கில் தோலுக்கு வலுவாக நிற்கும் நார்ப்புரதம். ஃபைப்ரோபிளாஸ்ட் எனும் உயிரணுக்கள் அதை நெய்கின்றன. வாலிபம் தொடங்கியதிலிருந்தே அது வருடத்துக்குச் சுமார் 1 சதவீதம் குறைந்துகொண்டு வருகிறது. மாதவிடாய் நின்ற முதல் ஐந்து வருடங்களில் மட்டும் ஏறத்தாழ 30 சதவீதம் போய்விடுகிறது. ஐம்பதைத் தாண்டிய பெண்கள் "திடீரென்று முகம் விழுந்துவிட்டது" என்று சொல்வது பிரமை அல்ல.

ஊசி அந்தக் கொலாஜனை மீட்குமா? மீட்கும் என்பவர்களின் வாதம் இதுதான்: தோலில் சின்னக் காயம் பட்டால் உடம்பு அதை ஆற்றுகிறது, ஆற்றும்போது புதுக் கொலாஜன் உண்டாகிறது. தத்துவமாக இது சரி. தோல் வைத்தியர்கள் செய்யும் மைக்ரோநீட்லிங் இந்தத் தத்துவத்தில்தான் இயங்குகிறது. பருத் தழும்புக்கு அது பலன் தருவதாகப் பல ஆய்வுகள் உண்டு. ஆனால் அந்தக் கருவி முகத்தில் ஆயிரக்கணக்கான துளைகளை நெருக்கமாக இடும். அக்குபங்சரில் எத்தனை? கணக்குப் போட்டுப் பாருங்கள். 0.16 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஊசி ஒன்றின் குறுக்குப் பரப்பு 0.02 சதுர மில்லிமீற்றர். முகத்தில் 40 ஊசி வைத்தாலும் எல்லாத் துளையும் சேர்ந்து ஒரு சதுர மில்லிமீற்றருக்கும் குறைவு. குங்குமப் பொட்டு ஒன்றுக்குள் அடங்கிவிடக்கூடிய அந்தக் காயம், முழு முகத்துக்கும் புதுக் கொலாஜன் நெய்யும் என்று எதிர்பார்க்க முடியுமா?

இதற்கு மறுதரப்பில் ஒரு நல்ல பதில் இருக்கிறது. அதையும் சொல்வதுதான் முறை. அமெரிக்காவின் வெர்மொண்ட் பல்கலைக்கழகத்தில் ஹெலீன் லாஞ்சவின் என்ற ஆய்வாளர் 2000களின் தொடக்கத்திலிருந்து இதை ஆராய்ந்தார். ஊசியைத் திருகும்போது தோலுக்கு அடியிலுள்ள இணைப்பிழையம் ஊசியில் சுற்றிக்கொள்கிறது என்று அவர் காட்டினார். வைத்தியர்கள் "ஊசியைப் பிடித்துக்கொள்கிறது" என்று சொல்வது அதைத்தான். இழையம் இழுபடும்போது ஊசியிலிருந்து சில சென்ரிமீற்றர் தூரம் வரை ஃபைப்ரோபிளாஸ்ட்டுகள் விரிந்து உருமாறுவதையும் அவருடைய குழு எலி இழையத்தில் பார்த்தது. ஆகவே துளையின் அளவை மட்டும் வைத்து முழுக் கதையையும் தீர்த்துவிட முடியாது. இழுவையின் வீச்சு துளையைவிடப் பெரிது. எனக்கு இந்த ஆய்வு பிடிக்கும். ஒரு பழைய கைப்பழக்கத்தை எடுத்து, அதில் என்ன நடக்கிறது என்று உண்மையாகவே தேடிய வேலை அது. ஆனால் உயிரணு உருமாறியது என்பதிலிருந்து தோல் இறுகியது என்பதற்கு இன்னும் நெடுந்தூரம் இருக்கிறது. தவிர, முகத்தில் இரத்தம் கட்டிவிடும் என்று பயந்து அழகு ஊசிக்காரர்கள் பலர் அங்கே ஊசியைத் திருகுவதே இல்லை.

மனித முகங்களில் நேரே செய்த ஆய்வு என்று எடுத்தால் விரல் விட்டு எண்ணிவிடலாம். அதிகம் பேசப்படுவது 2013இல் கொரியாவில் வெளியானது. நடுவயதுப் பெண்கள், முப்பது பேருக்கும் குறைவு. மூன்று கிழமையில் ஐந்து தடவை ஊசி. முடிவில் முகத்தின் நெகிழ்வுத்தன்மை கொஞ்சம் கூடியதாக அளவீடு காட்டியது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அதில் இல்லை. எல்லோருக்கும் ஊசிதான், வைத்தவருக்கும் தெரியும், படுத்தவருக்கும் தெரியும். தாங்கள் ஆரம்பநிலை ஆய்வுதான் செய்திருக்கிறோம் என்று அந்த ஆய்வாளர்களே தலைப்பில் போட்டிருந்தார்கள். மூன்று கிழமைக்குப் பிறகு, மூன்று மாதத்துக்குப் பிறகு அந்த முகங்கள் எப்படி இருந்தன என்பதற்கு அதில் விடை இல்லை. விளம்பரங்களில் இன்னோர் எண் சுற்றுகிறது: 1996இல் ஒரு சஞ்சிகையில் வந்ததாம், 300 பேரில் 90 சதவீதம் பேருக்குப் பலனாம். யாரோடு ஒப்பிட்டார்கள், எதை வைத்து அளந்தார்கள் என்று அந்த விளம்பரம் ஒன்றும் சொல்வதில்லை. இரண்டு கேள்விக்கும் விடை இல்லாமல் ஒரு சதவீதக் கணக்கை நம்பிக் காசு கட்டக்கூடாது.

போட்டொக்ஸோடு ஒப்பிடுவதும் பொருந்தாது. போட்டொக்ஸ் நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையை மூன்று நான்கு மாதத்துக்கு மறித்து வைக்கிறது. அதனால் நெற்றிக் கோடு விழுவதில்லை. ஃபில்லர் தோலுக்கடியில் இடத்தை நிரப்புகிறது. அக்குபங்சர் ஊசி இரண்டையும் செய்வதில்லை. போட்டொக்ஸுக்குப் பயப்படுகிறவர் அதைச் செய்யாமலே இருக்கலாம். அதற்குப் பதிலாக இதைச் செய்தால் அதே பலன் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

இனி வெயிலுக்கு வருவோம். எனக்கு இந்தக் கட்டுரையை எழுதத் தோன்றியதே இதனால்தான்.

இந்த வைத்தியத்தைப் பற்றி நம் கைக்கு வரும் பேச்செல்லாம் குளிர்நாட்டுப் பேச்சு. அங்கே வெள்ளைத் தோலுக்கு முப்பதிலேயே கண்ணோரம் கோடு விழும். மாநிறத் தோலில் மெலனின் கூடுதல்; சுருக்கம் ஏறத்தாழப் பத்து வருடம் பிந்தித்தான் தெரியத் தொடங்கும். நம் வீட்டுப் பெண்கள் கண்ணாடி முன்னால் கவலைப்படுவது கன்னத்தில் படரும் மங்கு, வாயைச் சுற்றிய கருமை, பரு மறைந்த இடத்தில் மாதக்கணக்காக நிற்கும் கரும்புள்ளி ஆகியவற்றுக்காக. இவை நிறமியின் கோளாறுகள். வெயில், கர்ப்பம், கருத்தடை மாத்திரை, பரம்பரை என்று காரணங்கள் உண்டு. கொலாஜனைத் தூண்டினாலும் மங்கு போகாது. மாறாக, மாநிறத் தோல் எந்தச் சின்னக் காயத்துக்கும் கருமையாலேயே பதில் சொல்லும். ஊசி நுனி ஒரு குழாயைக் கீறி இரத்தம் கட்டினால், வெள்ளைத் தோலில் ஒரு கிழமையில் மறையும் நீலம் நம் தோலில் பழுப்பாக மாறிப் பல கிழமைகள் கிடக்கலாம். கண்ணைச் சுற்றியுள்ள தோல் மிக மெல்லியது. அங்கே இது நடக்கும் வாய்ப்புக் கூட. ஆகவே மணப்பெண்ணுக்கு என் ஒரே கண்டிப்பு: பொன்னுருக்கல் ஆன பிறகு முதல் தடவையாக முகத்தில் ஊசி வைக்கப் போகாதே. ஆசைப்பட்டால் இரண்டு மூன்று மாதம் முன்பே ஒரு தடவை வைத்து, தோல் என்ன செய்கிறது என்று பார்த்துக்கொள்.

கொழும்பு பூமத்திய ரேகைக்கு வடக்கே 7 பாகைக்கும் உள்ளே இருக்கிறது. ஏப்ரல் முதல் இரண்டு கிழமைகளில் இலங்கைக்கு நேர் உச்சியில் சூரியன் நிற்கும் என்று வளிமண்டலவியல் திணைக்களம் வருடாவருடம் அறிவிக்கிறது. செப்டெம்பரிலும் அது ஒரு தடவை திரும்பி வரும். நடுப்பகலில் புறஊதாச் சுட்டெண் 11ஐ, அதாவது உச்ச அபாய அளவை, தொடுவது இங்கே அதிசயமல்ல. புறஊதாக் கதிர் தோலுக்குள் இறங்கிக் கொலாஜனை வெட்டும் நொதிகளைக் கிளப்புகிறது, மெலனின் அணுக்களையும் உசுப்புகிறது. மங்கும் தொய்வும் ஒரே கதிரால் வருகின்றன. நிழலில் இருந்தாலும் தப்பவில்லை: புறஊதா ஏ கதிர் கண்ணாடியை ஊடுருவும். 2012இல் அமெரிக்க மருத்துவ சஞ்சிகை ஒன்று 69 வயது லொறிச் சாரதி ஒருவரின் படத்தை வெளியிட்டது. 28 வருடம் ஓட்டியவர்; யன்னல் பக்கத்து இடது கன்னம் மட்டும் தடித்து மடிந்து தொங்கியது, மற்றக் கன்னம் வயதுக்கு ஏற்றபடி இருந்தது. காலி வீதியில் தினமும் பஸ்ஸின் கடற்பக்க யன்னலோரத்தில் மாலை வெயில் வாங்கி வருகிறவர்கள் அந்தப் படத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும்.

இதற்கு எதிராக நிரூபணம் உள்ள வழி எது? அவுஸ்திரேலியாவின் நாம்பூர் நகரத்தில் 903 பேரை வைத்து நாலரை வருடம் ஓர் ஆய்வு நடந்தது, 2013இல் வெளியானது. தினமும் சன்ஸ்கிறீன் பூசச் சொல்லப்பட்ட குழுவின் தோலில், இஷ்டம்போல் பூசிய குழுவைவிட முதுமை அடையாளங்கள் 24 சதவீதம் குறைவு. அங்கே ஒப்பிட ஒரு குழு இருந்தது, பார்த்தவருக்கு யார் எந்தக் குழு என்று தெரியாது, காலமும் போதும். முக அக்குபங்சருக்கு இப்படி ஓர் ஆய்வு வரட்டும், நான் மகிழ்ச்சியோடு அதை எழுதுவேன். நம் மங்குக்குப் பூசுவதாக இருந்தால் இரும்பு ஒக்சைட் சேர்ந்த, தோல் நிறச் சாயலுள்ள சன்ஸ்கிறீன் நல்லது. கண்ணுக்குத் தெரியும் ஒளியாலும் மங்கு கூடும், வெள்ளையாகப் பூசுபவை பல அந்த ஒளியை மறிப்பதில்லை. இரண்டு விரல் நீளம் பிழிந்து எடுத்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரி. வியர்வையில் வழிந்துவிடும் என்பது நியாயமான முறைப்பாடுதான். அதனால் மதியம் மறுபடி பூசவேண்டும், குடையையும் விட்டுவிடக் கூடாது. இரவில் தடவும், விற்றமின் ஏ சார்ந்த ரெட்டினொயிட் கிறீமுக்கு 1980களிலிருந்து ஆதாரம் சேர்ந்திருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு ஆகாது, தோல் வைத்தியரிடம் கேட்டே தொடங்க வேண்டும்.

ஊசியை நாடி நம் பெண்கள் போவதற்கு ஒரு நல்ல காரணமும் இருக்கிறது, அதை மதிக்கிறேன். கிறீம்களைக் கண்டு பயந்துபோயிருக்கிறார்கள். பெயர் விபரமில்லாத வெள்ளையாக்கும் டப்பாக்கள் வந்து குவிந்திருக்கின்றன. பாதரசம் அழகுப் பொருளில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சர்வதேச வரம்பாக இருந்தது; 2025க்குப் பிறகு பாதரசம் சேர்த்த அழகுப் பொருளையே சர்வதேச உடன்படிக்கை விலக்குகிறது. அந்த வரம்பைப் பல மடங்கு தாண்டிய கிறீம்கள் இலங்கைச் சந்தையில் பிடிபட்டிருக்கின்றன. பாதரசம் சிறுநீரகத்தைத் தாக்கும். இன்னும் சிலவற்றில் ஸ்டீரொயிட் கலந்திருக்கும். முதல் மாதம் முகம் வெளுத்து மினுங்கும். பிறகு தோல் மெலிந்து, சின்ன இரத்தக் குழாய்கள் தெரியச் சிவந்து, நிறுத்தினால் எரியும். இவற்றோடு ஒப்பிட்டால் சுத்தமான ஊசி எவ்வளவோ மேல். ஆனால் ஸ்டீரொயிட் பூசி மெலிந்த தோலில் ஊசி குத்தினால் இரத்தம் கட்டுவது மிகச் சுலபம். அப்படி ஒரு டப்பாவைப் பாவித்தவர் முதலில் தோல் வைத்தியரிடம் போய் அதைக் காட்டவேண்டும். வெட்கப்பட்டு மறைத்துவிட்டு ஊசிக்காரர் முன்னால் படுக்கக் கூடாது.

சுத்தமான ஊசி என்று சொன்னேன். அதில் விட்டுக்கொடுப்புக்கு இடமே இல்லை. 1984இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஒரே அக்குபங்சர் கிளினிக்குக்குப் போன 35 பேருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றியது. சரியாகக் கிருமி நீக்காத ஊசிகளைத் திரும்பப் பாவித்ததுதான் காரணம் என்று கண்டார்கள். இன்று ஒரு தடவை மட்டும் பாவிக்கும் ஊசிகள் கிருமி நீக்கி மூடிய உறையில் வருகின்றன. அந்த உறை உங்கள் கண் முன்னால் கிழிக்கப்பட வேண்டும். எடுத்த ஊசி உங்கள் கண் முன்னால் மஞ்சள் நிற ஊசிப் பெட்டிக்குள் விழ வேண்டும். வைத்த ஊசிகளையும் எடுத்த ஊசிகளையும் எண்ணச் சொல்லிக் கேளுங்கள். தலைமயிருக்குள் ஒன்று மறைந்து நிற்பது நடக்கக்கூடியது.

யார் வைக்கிறார் என்பதும் அதே அளவு முக்கியம். உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டலில், வைத்தியப் பட்டம் இல்லாதவர் அக்குபங்சர் வைத்தியராவதற்கு 2,500 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்கிறது, அதில் 1,000 மணி நேரம் நோயாளிகளோடு. மேலைத்தேய வைத்தியம் படித்தவர்கள் இதைத் துணை முறையாகக் கையாளவே 200 மணி நேரம் கேட்கிறது. இரண்டு வார இறுதியில் முடிகிற அழகுக்கலைப் பயிற்சி எதற்குச் சமம் என்று நீங்களே நிறுத்துப் பார்க்கலாம். முகம் இலகுவான இடமல்ல. தாடை எலும்பின் மேலே முகத் தமனி ஏறிப்போகிறது. மூக்கையும் மேலுதட்டையும் சுற்றிய முக்கோணத்தில் தொற்று வந்தால் அது மூளைப் பக்கத்துச் சிரைகளுக்குள் போக வழி உண்டு. கண்குழிக்குக் கீழே செங்சி என்ற புள்ளி கண் உருண்டைக்கும் எலும்புக்கும் நடுவே இருக்கிறது. அழகுக்காக அந்தப் புள்ளியைத் தொடவே வேண்டாம் என்பேன்.

வைத்தியர் என்றால் இலங்கை மருத்துவச் சபையிலோ ஆயுர்வேத மருத்துவச் சபையிலோ பதிவு எண் இருக்க வேண்டும். தனியார் மருத்துவ நிலையங்களைப் பதிவு செய்ய 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சுவரில் அந்தப் பதிவுச் சான்றிதழைத் தேடுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் அம்மாமார் தயங்குவார்கள். நல்ல வைத்தியர் இந்தக் கேள்விக்குக் கோபிக்க மாட்டார்.

சிலர் போகவே கூடாது, அல்லது தங்கள் வைத்தியரைக் கேட்காமல் போகக் கூடாது. இருதயத்துக்காக வார்ஃபரின், குளோபிடோகிரெல், அஸ்பிரின் என்று இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள். சீனி கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள். காது குத்திய இடம்கூடத் தடித்துக் கட்டியாகும் தோல்காரர்கள். உதட்டோரம் நீர்க்கொப்புளம் வந்திருப்பவர்கள். முகத்தில் பரு பழுத்திருப்பவர்கள். கர்ப்பிணிக்கு ஹெகு முதலான சில புள்ளிகளில் ஊசி வைப்பதைச் சீன மரபே விலக்குகிறது. இருதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் ஊசியில் மின்சாரம் இணைக்கும் வகையை மறுத்துவிடுங்கள். ஃபில்லரோ போட்டொக்ஸோ செய்திருந்தால் குறைந்தது இரண்டு கிழமை கழியட்டும், செய்ததை மறைக்கவும் வேண்டாம். விரத நாளில் வெறும் வயிற்றோடு போகாதீர்கள்; ஊசி நிற்கும்போது தலை சுற்றி மயங்கி விழுபவர்களில் பலர் சாப்பிடாமல் வந்தவர்கள்.

இவ்வளவும் கேட்ட பிறகும் ஒருவர் ஆசைப்பட்டால் நான் தடுக்க மாட்டேன். ஐந்து தடவைக்கு மட்டும் காசு கட்டச் சொல்வேன், பத்துக்கு வேண்டாம். தொடங்குவதற்கு முதல் நாள் காலை, முகம் கழுவி, பவுடர் இல்லாமல், ஒரே யன்னலுக்கு முன்னால், போனின் அழகாக்கும் வசதியை நிறுத்திவிட்டு ஒரு படம் எடுத்து வைக்க வேண்டும். சன்ஸ்கிறீனை ஊசி தொடங்கும் அன்றே தொடங்கக் கூடாது. ஒரு மாதம் முன்பே தொடங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் எது பலன் தந்தது என்று தெரியாமல் போகும். ஐந்தாவது தடவை முடிந்து இரண்டு கிழமை கழித்து, செம்மையும் வீக்கமும் முற்றாக வடிந்த பிறகு, அதே யன்னலில், அதே நேரத்தில் இன்னொரு படம். இரண்டையும் ஊசியைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, எது முந்தியது என்று கேட்கலாம். அவர் தடுமாறினால் அடுத்த ஐந்துக்குக் காசு கட்ட வேண்டியதில்லை.